கேட்டது அவரிடம் இல்லை

அண்ணாச்சியிடம் யாரும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. அதற்கு அவர் நேரம் கொடுத்ததில்லை. கேள்வியை வேறு யாரிடமாவது கேட்பார்கள். பதில் அண்ணாச்சியிடமிருந்து வந்துவிடும்.

நான் தூத்துக்குடியில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தபோது அவரைத் தெரியும். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். சொந்த ஊர் ஏரல் பக்கம். ஐம்பது தாண்டியவர், குள்ளம். வெள்ளை அரைக்கைச் சட்டை போடுவார். துறைமுகத்துக்குள் போகத் தரும் அனுமதி அட்டை எப்போதும் கழுத்தில் தொங்கும். கல்யாணப் பந்தியிலும் அதைக் கழற்றமாட்டார், இலையில் படாமல் சட்டைப் பைக்குள் செருகிக்கொள்வார். காரின் பின்கண்ணாடியில் வெளியே தெரியும்படி ஒரு மஞ்சள் ஹெல்மெட் இருக்கும். அதை அவர் தலையில் வைத்து நான் பார்த்ததில்லை.

பதில் சொல்லும்போது அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காகப் பதில் சொல்கிறாரோ, அவர் தோளில் வலது கையை வைப்பார். பார்க்கிறவர்களுக்கு அது பாசமாகத் தெரியும். அந்தக் கைக்குக் கீழே இருந்தவர்களைக் கேட்டால், கை கொஞ்சம் அழுத்தும் என்பார்கள். வாயைத் திறக்கப்போனவன் திறக்காமல் இருக்கும் அளவுக்கு அழுத்தும்.

ஒருமுறை பைபாஸ் ஓரத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கி எரிந்தது. உள்ளே தென்னை நார்க் கட்டுகள். நான் போனபோது தீயை அணைத்து முடித்திருந்தார்கள். காவலாளி கரி படிந்த முகத்தோடு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். எப்படிப் பிடித்தது என்று அவரிடம் கேட்டேன். அவர் ஆரம்பிப்பதற்குள் தோளில் கை விழுந்தது.

"கரண்டு. மேல போற வயரு உரசிட்டு. பழைய வயரு. நான் அன்னைக்கே சொன்னேன்."

அந்தக் கிட்டங்கிக்கும் அண்ணாச்சிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த வழியாகப் போனவர், கூட்டத்தைப் பார்த்துக் காரை நிறுத்தியிருந்தார். காவலாளி என்னைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். சில நாள் கழித்துத் தெரிந்தது, அந்தக் கிட்டங்கிக்கு மின் இணைப்பே துண்டிக்கப்பட்டிருந்தது என்று. சுமை இறக்க வந்தவர்கள் வாசலில் மூட்டிய அடுப்பிலிருந்து பொறி பறந்திருக்கிறது. காவலாளி அதைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

"அப்ப ஏன் தலைய ஆட்டினீங்க?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சி சொல்லிட்டாவளே. பெறவு நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

அன்றிலிருந்து அண்ணாச்சி சொன்ன எதையும் நான் செய்தியில் சேர்த்ததில்லை. அவர் சொன்னதற்கு நேர்மாறானதை முதலில் விசாரிப்பேன். பெரும்பாலும் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

அவருடைய தொழிலைச் சொன்னால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று புரியும். வெளிநாட்டிலிருந்து ஒரு கண்டெய்னர் பெட்டி வந்து இறங்கும். பெட்டிக்காரர் எங்கேயோ இருப்பார். சுங்க அதிகாரி, உள்ளே என்ன என்று கேட்பார். பெட்டிக்காரருக்காக ஏஜென்ட் பதில் சொல்ல வேண்டும். முந்திரி, மரத்தூள், பழைய இரும்பு. அண்ணாச்சி பெட்டியைத் திறந்து பார்த்தவர் இல்லை. கதவில் சீல் இருக்கும். ஆனால் தயங்காமல் சொல்லுவார். தயங்குகிற ஏஜென்ட்டின் பெட்டியைத்தான் திறக்கச் சொல்லுவார்கள். அதனால் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட வேண்டும் என்பது அவருக்குத் தொழில் பாடம். அதை அவர் துறைமுக வாசலோடு விட்டுவிட்டு வந்திருந்தால் யாருக்கும் கேடில்லை. அவர் ஊரில் இருந்த எல்லாரையும் பெட்டியாகவே பார்த்தார்.

அவரைப் பகிரங்கமாகக் கிண்டல் செய்த ஒரே ஆளை எனக்குத் தெரியும். திரேஸ்புரம் கரையில் சங்கு குளிக்கிறவர். சென்னையிலிருந்து வந்த பெட்டிக்காரர் குடும்பம் ஒன்றைக் கடல் காட்ட அண்ணாச்சி கூட்டி வந்திருந்தார். அந்த வீட்டு அம்மாள் குளியாளைப் பார்த்து, "தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிப்பீங்க?" என்று கேட்டார்.

கை தோளுக்குப் போனது. "அஞ்சு நிமிசம். சிலவன் ஏழு நிமிசம்கூட இருப்பான்."

"ஏழு நிமிசம் இருந்தா எம் பொஞ்சாதி மறு கல்யாணம் முடிச்சிருப்பா அண்ணாச்சி," என்றார் குளியாள்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டு, இப்போதும் முத்து எடுக்கிறார்களா என்று கேட்டார்.

"போன வருசம்கூட எடுத்தாவ," என்றார் அண்ணாச்சி. "இந்தா, இம்புட்டுப் பெருசு."

முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. குளியாளின் அப்பாவே கடைசியாக அதைப் பார்த்தவர். குளியாள் ஈரத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அண்ணாச்சியின் கை இருந்த தோள் அது.

"எடுத்தது யாருன்னு கேளுங்கம்மா. அண்ணாச்சிதான் முங்கி எடுத்தாவ. சட்ட நனையாம எடுத்தாவ."

அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்தார். அவரை வெட்கப்பட வைப்பது நடக்காத காரியம். கேலியையும் பதிலாகவே எடுத்துக்கொண்டு, அடுத்த கேள்விக்குத் தயாராகிவிடுவார்.

சாவு வீட்டிலும் இதே கதைதான். எங்கள் தெருவில் ஒருவர் புற்றுநோயில் மாதக்கணக்கில் கிடந்து செத்தார். துட்டி கேட்க வந்தவர்கள் அவர் மனைவியிடம், கடைசியில் ரொம்பச் சிரமப்பட்டாரா என்று கேட்டார்கள். "இல்லை. தூங்குத மாதிரி போயிட்டாவ," என்றார் அண்ணாச்சி. அந்த அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவள் அந்த மாதங்களைப் பற்றி யாரிடமாவது பேச நினைத்திருக்கலாம். அதற்கான இடத்தை அவர் மூடி சீல் வைத்துவிட்டார்.

இவ்வளவும் அற்பமான விஷயங்கள். ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் இருப்பார். நான் இவரைப் பற்றி எழுதக் காரணம் என் அத்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர். டிரெய்லர் ஓட்டினார். துறைமுகத்திலிருந்து கண்டெய்னர்களை ஏற்றிக்கொண்டு கோவை, பெங்களூரு என்று போய்வருவார். அந்த நடைகளில் பாதி அண்ணாச்சி பிடித்துக் கொடுப்பவை. வருடக்கணக்கில் குலுங்கும் இருக்கையில் இருந்ததில் முதுகு போனது. முதலில் இடுப்பில் வலி, பிறகு இடது கால் முழுக்க இழுக்கிற வலி. கடைசியில் வண்டியிலிருந்து இறங்கவே கிளீனர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, அறுவைச் சிகிச்சை செய்தால் திரும்ப வண்டி ஓட்டலாம் என்றார் மதுரையிலிருந்து வந்துபோகும் டாக்டர். அத்தானுக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. அவருக்கு டிரெய்லரைத் தவிர வேறு வேலை தெரியாது, வேறு ஆசையும் இல்லை.

ஒரு சிக்கல் இருந்தது. அத்தானுக்கு முந்தைய வருடம் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதற்காக, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை தினமும் ராத்திரி சாப்பிட்டுவந்தார். அறுவைக்கு ஒரு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய இடத்தில் ரத்தம் நிற்காது. இதய டாக்டர் அதற்குச் சம்மதம் கொடுத்திருந்தார். எந்த ராத்திரியிலிருந்து நிறுத்துவது என்று அக்காவுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நாள் இன்னும் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நோயாளி படுத்திருந்தால் போதும். மனைவி பையைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். டாக்டரிடம் பேசுவது கூட வந்தவரின் வேலை. டாக்டர்களும் அதற்குப் பழகிவிட்டார்கள். நோயாளியைப் பார்த்துக் கேட்டுவிட்டு, கூட வந்தவர் முகத்தைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஏரலிலிருந்து காயல்பட்டினம் வரை அப்படிக் கூட வருகிறவராக அண்ணாச்சிக்குப் பெயர் இருந்தது. அவர் காரில் போய் இறங்கினால் மரியாதை கூடும் என்று ஜனங்கள் நம்பினார்கள்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அக்காவுக்குப் போன் வந்தது.

"தாயி, நாளைக்கே வந்து அட்மிட் ஆயிருங்க. மதுரை டாக்டர் சனிக்கிழம வாராவ. ஒரு கேஸ் கேன்சல் ஆயிருக்கு. நான் பேசிட்டேன். பெர்த் காலியா இருக்கும்போதே கப்பலக் கொண்டாந்து நிறுத்திரணும்."

"மாத்திரய இன்னும் நிறுத்தலியே அண்ணாச்சி. அடுத்த வாரந்தான நிறுத்தணும்னாவ?"

"அதெல்லாம் டாக்டருக்குத் தெரியாதா தாயி? பாத்துக்கிடுவாவ."

டாக்டருக்காகவும் அவரே பதில் சொல்லிவிட்டார். அக்கா அன்று ராத்திரியும் வழக்கம்போலப் பாலோடு மாத்திரையைக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அட்மிட் ஆனார்கள். அடுத்து நடந்ததை அத்தான் பிறகு என்னிடம் சொன்னார். அறைக்குள் போனதும் அண்ணாச்சி அக்காவைத் தண்ணீர் பாட்டில் வாங்க அனுப்பினார். அவள் போன கையோடு நர்ஸ் வந்து கேள்விகளை ஆரம்பித்தாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா. ஒவ்வொன்றுக்கும் அண்ணாச்சி பதில் சொன்னார். நர்ஸ் அத்தானைப் பார்த்துக் கடைசியாகக் கேட்டாள்: "ஹார்ட் மாத்திரைய நிறுத்தி ஒரு வாரம் ஆச்சா அண்ணே?"

கை தோளில் விழுந்தது.

"ஆச்சும்மா. ஒரு வாரம் ஆச்சு. எல்லாம் கரெக்டா நிறுத்தியாச்சு."

"நீங்க ஏன் சும்மா இருந்தீங்க அத்தான்?" என்று நான் கேட்டேன்.

"அவ்வோ சொன்ன சொல்லுல எனக்கே நிறுத்திட்ட மாதிரிதான் தோணிச்சு மாப்ள. டாக்டர்ட்டயும் பேசிருப்பாவன்னு நெனச்சேன். நாலு பேருக்கு நடுவுல அண்ணாச்சி சொன்னது பொய்னு எப்படிச் சொல்ல? நாளைக்கு அவ்வோ மூஞ்சில முழிக்கணும்லா."

சனிக்கிழமை காலையில் அறுவை நடந்தது. மதியம் அத்தானை அறைக்குக் கொண்டுவந்தார்கள். மதுரை டாக்டர் பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பிப் போனார். நான் நாலு மணி வாக்கில் போனேன். அறையில் இருந்த ஒரே நாற்காலியில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். துறைமுகத்து டிரைவர்கள் இரண்டு பேர் பார்க்க வந்திருந்தார்கள்.

"எப்படி இருக்கு மக்கா?" என்று ஒருவர் அத்தானிடம் கேட்டார்.

"சூப்பரா இருக்கு. வலியே இல்லைங்கான்," என்றார் அண்ணாச்சி. பிறகு கட்டிலுக்குக் கீழே தொங்கிய சின்னப் பாட்டிலைக் காட்டினார். காயத்தின் உள்ளே கசிகிற ரத்தம் வெளியே வந்து சேருவதற்காக அதை ஒரு குழாயோடு மாட்டியிருந்தார்கள். "பாத்தீயளா, பாட்டில்ல கொஞ்சம்போலதான் வந்துச்சு, பெறவு வரவே இல்ல. ரத்தம் சுத்தமா நின்னுட்டு. அதான் கை ராசியான டாக்டர்ங்கது."

டிரைவர்கள் பாட்டிலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அத்தானின் முகம் வெளுத்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து கால் அசைகிறதா என்று கேட்டுவிட்டுப் போனதாகவும், இரண்டு தடவையும் அண்ணாச்சி அசைகிறது என்று சொன்னதாகவும் அக்கா பிறகு சொன்னாள். அப்போது அசைந்ததா என்று யாருக்கும் தெரியாது. போர்வையை யாரும் விலக்கவில்லை.

நான் அங்கே இருக்கும்போதே மூன்றாம் தடவையாக நர்ஸ் வந்தாள்.

"அண்ணே, கால் விரல அசைக்க முடியுதா?"

"அசைக்கான் சிஸ்டர். இப்பதான் அசைச்சான்."

நர்ஸ் எழுதுவதற்குப் பேனாவை எடுத்தாள். அக்கா சுவரை விட்டு நகர்ந்தாள். அண்ணாச்சியைத் தாண்டிக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையைச் சுருட்டி மேலே தள்ளினாள். தோளில் குத்தியிருந்த புடவை ஊக்கைக் கழற்றினாள். அத்தானின் உள்ளங்காலில் அதன் முனையை வைத்து அழுத்தினாள்.

"தெரியுதா?"

அத்தான் கூரையைப் பார்த்தபடியே, "எது?" என்றார்.

அக்கா அடுத்த காலிலும் அழுத்தினாள். அங்கே ஒரு சின்னத் துளி ரத்தம் வந்தது. அத்தான் மறுபடியும், "எதுளா? என்ன பண்ணுத?" என்றார்.

நர்ஸின் கையில் பேனா அப்படியே நின்றது. அந்த நேரத்திலாவது அண்ணாச்சி வாயை மூடியிருப்பார் என்று எதிர்பார்க்கலாம். இல்லை.

"மயக்க மருந்து இன்னும் இறங்கியிருக்காது," என்றார்.

நர்ஸ் அவரைப் பார்க்காமலே ஓடினாள். பணியிலிருந்த டாக்டர் வந்தார். விரல்களைத் தூக்கச் சொன்னார், ஒன்றும் தூக்கவில்லை. எங்கே தொட்டால் தெரிகிறது என்று இடுப்புவரை சோதித்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, அந்த மாத்திரையைக் கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டார். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். டாக்டர் விரலை உயர்த்தி அவரை நிறுத்தினார். நான் அறிந்து அப்படி யாரும் செய்தது அதுவே முதல் முறை.

"முந்தாநேத்து ராத்திரி சார்," என்றாள் அக்கா.

மதுரை டாக்டரின் கார் எட்டயபுரத்தைத் தாண்டியிருந்தது. திருப்பிக்கொண்டு வந்தார். அதற்குள் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். அவர் எங்களை வராந்தாவில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"வெட்டின இடத்துல ரத்தம் கசிஞ்சு உள்ளேயே கட்டியிருக்கு. அந்தக் கட்டி நரம்ப அழுத்துது. உடனே திறந்து எடுக்கணும். எவ்வளவு லேட் ஆகுதோ அவ்வளவு நரம்பு போயிடும்."

"பாட்டில்ல ரத்தமே வரலையே சார்," என்றேன்.

"வரலைன்னா நின்னுடுச்சுன்னு அர்த்தமில்லை. குழாய்லயும் ரத்தம் உறைஞ்சு வழி அடைச்சிருக்கு. எல்லாம் உள்ளேதான் இருக்கு. அட்மிட் பண்ணும்போது எடுக்கிற ரத்தப் பரிசோதனையில இந்த மாத்திரை தெரியாது. பேஷன்ட்டைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்க முடியும். நாங்க கேட்டோம். நிறுத்தியாச்சுன்னு உங்ககூட வந்தவர் சொல்லியிருக்கார்."

அண்ணாச்சி அப்போது போனில் இருந்தார். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று சொன்னதும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் துறைமுகத்திலிருந்து ஒரு வேன் நிறைய டிரைவர்களையும் கிளீனர்களையும் இறக்கினார். இதை மறைக்கக் கூடாது. அந்த நேரத்தில் அவ்வளவு பேரை வேறு யாராலும் திரட்டியிருக்க முடியாது. ரத்த வங்கியில் இருந்த பெண் வரிசையில் முதலில் நின்றவனிடம், "என்ன குரூப்?" என்றாள். அண்ணாச்சி அவன் தோளில் கையை வைத்து, "எல்லாம் ஓ பாசிட்டிவ்மா," என்றார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஊசியை எடுத்து ஒவ்வொருவருக்கும் சோதித்தாள். அதில் பாதிப் பேருக்கு வேறு குரூப். அன்று அந்தக் கட்டடத்தில் முதலிலிருந்தே அண்ணாச்சியின் பதிலை எடுத்துக்கொள்ளாதவள் அவள் ஒருத்திதான்.

உள்ளே இரண்டாவது முறையாக அத்தானின் முதுகைத் திறந்துகொண்டிருந்தார்கள். வராந்தா பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஊக்கு இன்னும் அவள் கையில் இருந்தது. அண்ணாச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் ஆகாது தாயி, ஒரு மாசத்துல ஓடுவான் பாரு என்றார்.

"அண்ணாச்சி, மாத்திரய நிறுத்திட்டோம்னு ஏன் சொன்னீய?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். அண்ணாச்சி இரண்டு கைகளையும் விரித்தார்.

"கேட்டாவளே தாயி. என்னத்தையாவது சொல்லணும்லா?"

"நான் போன்லயே சொன்னேனே. எங்கிட்ட இன்னொருக்கக் கேக்க வேண்டியதுதான?"

"நீ தண்ணி வாங்கப் போயிருந்தியே."

அவர் முகத்தை நான் கவனமாகப் பார்த்தேன். குற்ற உணர்வோ கள்ளத்தனமோ இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. கேட்டார்கள், சொன்னார், அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. பொய் சொல்கிறவன்கூட உண்மையை ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருப்பான். அண்ணாச்சி அந்தச் சிரமத்தையும் எடுத்துக்கொண்டவர் இல்லை.

கட்டியை எடுத்தார்கள். ராத்திரி முழுக்க அக்கா போர்வையை மூடவிடவில்லை. மறுநாள் வலது காலின் பெருவிரல் அசைந்தது. சில வாரங்களில் வலது காலுக்கு உணர்வு முழுமையாகத் திரும்பியது. இடது காலில் முட்டிவரை வந்தது, அதற்குக் கீழே வரவில்லை. பாதத்தை மேலே தூக்க முடியாது. நடந்தால் விரல் நுனி தரையில் உரசும். டிரெய்லரில் கிளட்ச் இடது காலுக்கு உரியது. அத்தான் அதற்குப் பிறகு வண்டி ஏறவில்லை.

பைபாஸில் ஓர் எடைமேடையில் அவருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. அண்ணாச்சி வாங்கிக் கொடுத்ததுதான். உன்னால் ராத்திரி முழிக்க முடியுமா என்று எடைமேடைக்காரர் அத்தானிடம் கேட்டபோது, "ஆந்தை மாதிரி முழிப்பான்," என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். இப்போது மற்றவர்கள் ஓட்டிவருகிற டிரெய்லர்கள் மேடையில் ஏறி நிற்கும். அத்தான் ஜன்னல் வழியாக எண்ணைப் பார்த்துச் சீட்டு கொடுப்பார்.

அண்ணாச்சி அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஊரெல்லாம் பேசினார். எனக்கே அந்தக் கதை மூன்று பேர் வழியாக வந்தது. மூன்றிலும் அவர்தான் போர்வையை விலக்கினார், அவர்தான் நர்ஸைக் கூப்பிட்டார், அவர்தான் மதுரை டாக்டரைப் பாதி வழியில் திருப்பினார். நான் மட்டும் இல்லாட்டா அவன் ஆயுசுக்கும் கட்டில்லதான் என்று முடியும் அந்தக் கதை. அக்காவின் ஊக்கு எதிலும் வரவில்லை. அவர் அழைத்துப் போகிற நோயாளிகளின் எண்ணிக்கை அதற்குப் பிறகு கூடியது.

அவரைக் கடைசியாக நான் பார்த்ததும் அந்த ஆஸ்பத்திரியில்தான். அத்தானை மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டிருந்தாள். அண்ணாச்சியை யாரும் கூப்பிடவில்லை. வேறு ஒரு நோயாளியோடு வந்திருந்தவர், எங்களைப் பார்த்ததும் அவரை வராந்தாவில் விட்டுவிட்டு எங்களோடு உள்ளே வந்து அத்தான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மதுரை டாக்டர் அத்தானைப் பார்த்து, "கால் எப்படி இருக்கு?" என்றார்.

அண்ணாச்சியின் கை எழுந்து வந்து தோளில் உட்கார்ந்தது. "ஃபர்ஸ்ட் கிளாஸ் சார். வேலைக்குப் போறான். சும்மா ஓடுதான்."

அத்தான் தன் வலது கையால் அந்தக் கையைப் பிடித்தார். மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, அண்ணாச்சியின் மடியில் வைத்தார். ஒரு சாமானை அதன் இடத்தில் எடுத்து வைப்பதுபோல வைத்தார்.

"எடது காலுல செருப்பு நிக்கலை சார்," என்றார். "கழண்டு விழுந்தாகூட எனக்குத் தெரியலை. யாராவது சொன்னாத்தான் திரும்பிப் பாக்கேன். படி ஏறயில தடுக்குது. ரெண்டு தடவ விழுந்துட்டேன். இவகிட்டகூடச் சொல்லலை."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்தார். அடுத்த கால் மணி நேரம் அவர் கேட்டதற்கெல்லாம் அத்தான் பதில் சொன்னார். எங்கே மரத்திருக்கிறது, எப்போது எரிகிறது, சிறுநீர் எப்படிப் போகிறது, ராத்திரி தூக்கம் எப்படி. தடுமாறித்தான் சொன்னார், சில கேள்விகளுக்கு யோசித்தார், ஒன்றிரண்டுக்குத் தெரியலை சார் என்றார். பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு பட்டையை எப்போதும் அணிய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வண்டி ஓட்ட முடியுமா என்று அத்தான் கேட்டார். பெரிய வண்டி முடியாது என்றார் டாக்டர். அத்தான் சரி என்றார். அண்ணாச்சி மடியில் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தோம். வராந்தாவில் எங்கள் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் சீட்டுக்குக் காத்திருந்தார். அத்தானைப் பார்த்ததும் எழுந்து வந்து, "என்னடே, டாக்டர் என்ன சொன்னாவ?" என்று கேட்டார்.

"எல்லாம் சரியாயிட்டுன்னுட்டாவ," என்றார் அண்ணாச்சி. "அடுத்த மாசம் வண்டி எடுத்துருவான்."

சொல்லிக்கொண்டே அந்த மனிதரின் தோளில் கையைப் போட்டு, அவருக்கு என்ன நோய், எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கே விளக்கியபடி நடந்தார். அத்தான் அவரைத் திருத்தவில்லை. இடது காலைத் தூக்கித் தூக்கி வைத்து வாசல்வரை போனார். அக்கா அவர் முழங்கையைத் தொட்டாள். அத்தான் குனிந்து காலைப் பார்த்தார். வெறுங்கால். திரும்பிப் பார்த்தார். இடது கால் செருப்பு டாக்டரின் அறை வாசலிலேயே கழண்டு கிடந்தது.